ஓடும் மனிதன் படமிட்ட அளவுகள்

9 ஜூன் 2025, திங்கள்

மூக்குக் கண்ணாடியின் இடது கால் உடைந்துவிட்டது. பசையிட்டு ஒட்டி அது காய்வதற்குள் மருத்துவர் பூர்ணிமா வந்துவிட்டார். ஆம்பூர் பைபாஸ் ஓரத்து அறக்கட்டளை மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவைப் பார்ப்பவர். மாடிப்படி ஏறும்போதும் பேச்சை நிறுத்தாத பெண். கையில் ஒரு பென் டிரைவும் கால் கிலோ மைசூர்பாகும். சர்க்கரை மருத்துவர் இனிப்போடு வருவது தொழிலுக்கு ஆள் சேர்க்கவா என்று கேட்டேன். எனக்கு அந்த நோய் கிடையாது. எழுபத்து நான்கு வயதில் எனக்குள்ள ஒரே நாள்பட்ட உபாதை, பிறருடைய கூட்டல் பிழைகளைப் பொறுத்துக்கொள்ள முடியாமை.

விஷயம் இது. ஆம்பூர், வாணியம்பாடி சுற்றுவட்டாரத்தில் இருபத்து மூன்று இளைஞர்கள். இளமையிலேயே உடல் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிட்டது. தினமும் நான்கு ஊசி போட்டால்தான் உயிர். பெரும்பாலோர் தோல் பதனிடும் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் அளவுமானி, கைபேசியில் ஒரு செயலி, மாதாமாதம் இலவசமாக அதில் செருகும் ஸ்ட்ரிப். விரலில் குத்தி ஒரு சொட்டு வைத்தால் எண் கைபேசிக்குப் போகும், அங்கிருந்து மருத்துவமனைக்கு. இரண்டு மாத அளவுகள் நம்பத்தகாதவை என்று தெரிந்தால், அந்த ஆளின் ஸ்ட்ரிப் காத்திருப்புப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நம்பத் தகுந்ததா இல்லையா என்று சொல்லத்தான் நான். வேலூரில் பெண்கள் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் புள்ளியியல் கற்பித்தவளுக்கு இது ஒரு வாரத்து வேலை. ஒப்புக்கொண்டேன்.

11 ஜூன், புதன்

அந்தச் செயலியை என் கைபேசியிலும் ஏற்றிப் பார்த்தேன். நல்ல அளவு வந்தால் கைதட்டுகிறது. ஐந்து நாள் தொடர்ந்து அளந்தால் நட்சத்திரம். இருபது வயதுக்காரர்களை மழலையர் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். உணவுப் பட்டியலில் பாஸ்தா மட்டும் நான்கு வகை. கேழ்வரகுக் களி இல்லை. பிரியாணி 'ஒரு கப்' என்று இருக்கிறது. ஆம்பூரில் கப்பால் பிரியாணி அளந்தவன் எவன்?

செயலியைப் பராமரிக்கும் நவீத் என்ற இளைஞனைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "அது பாரின் லிஸ்ட் மேடம், அப்டியே வந்துட்ச்சு" என்றான். அப்படியே வந்ததை அப்படியே விட்டவன் நீதானே என்றேன். குறித்துக்கொள்வதாகச் சொன்னான்.

14 ஜூன், சனி

இருபத்து மூன்றில் இருபத்திரண்டு பேர் நேர்மையானவர்கள். சிலர் சோம்பேறிகள், ஆனால் நேர்மையானவர்கள்.

எண் 17 மட்டும் பொய். பெயர் உமைமா, வயது இருபது, ஷூ கம்பெனியில் தையல். காலை 7.10க்கு 118. 7.14க்கு 263. மதியம் 12.41க்கு 96. 12.46க்கு 287. இப்படியே இரண்டு மாதம். ஐந்து நிமிடத்தில் நூற்றைம்பதும் நூற்றுத் தொண்ணூறும் ஏற எந்த மனித உடலாலும் இயலாது.

அதைவிட அழகு அந்தப் படங்கள். ஒவ்வோர் அளவோடும் ஒரு சிறு படத்தை ஒட்டலாம்: சாப்பாட்டுத் தட்டு, படுக்கை, ஓடும் மனிதன். இவளுடைய இரண்டாவது அளவில் எல்லாம் ஓடும் மனிதன், அதாவது உடற்பயிற்சி. எழுபத்தெட்டு முறை! பத்து மணி நேரம் மெஷினில் குனிந்திருப்பவள், சோற்றுக்கு முன் ஐந்து நிமிடம் ஓடி, ஓடியதால் சர்க்கரையை மூன்று மடங்காக்கிக்கொண்டு வருகிறாள் என்று நான் நம்ப வேண்டுமாம்.

வீட்டில் யாருக்கோ, பக்கத்து வீட்டில் யாருக்கோ இலவச ஸ்ட்ரிப்பில் பார்த்துக் கொடுக்கிறாள். ஐயமில்லை. நம்பத்தகாதது என்று சிவப்புக் குறி.

18 ஜூன், புதன்

அறிக்கை அனுப்பினேன். பூர்ணிமா அழைத்தார். "அந்தப் பொண்ண ஒரு வார்த்த கேட்டுட்டு முடிவு பண்ணலாமா மேடம்?" எண்களைக் கேட்டாயிற்று என்றேன்.

1 ஜூலை, செவ்வாய்

எண் 17க்கு ஸ்ட்ரிப் நிறுத்தப்பட்டதாகச் செய்தி வந்தது. மதியம் நன்றாகத் தூங்கினேன்.

6 ஜூலை, ஞாயிறு

பத்து மணிக்கு அழைப்பு மணியை யாரோ மூன்று முறை விடாமல் அடித்தார்கள். கறுப்பு புர்கா, தோளில் கம்பெனிப் பை, முகத்தில் பயம் என்பதே இல்லை.

"செவப்பு போட்ட மேடம் நீங்கதானா?"

"நான்தான். தினமும் ஓடுகிறவள் நீதானா?"

"இன்னாது?"

"மத்தியானம் சோற்றுக்கு முன்னால் ஓடுகிறாயே, அதைக் கேட்டேன்."

நின்ற இடத்திலேயே சிரித்தாள். "எங்க மேடம் ஓடறது? பாத்ரூம் போறதுக்கே சூப்பர்வைசராண்ட கையத் தூக்கணும்."

என் அறிக்கையில் உள்ளதைச் சொல்லி முகவரியையும் கொடுத்தது நவீதாம். அவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உள்ளே அழைத்தேன். உட்கார்ந்ததும் நேரடியாக வந்தாள்.

"ஓடற ஆளு படம் போட்டதெல்லாம் நான் இல்ல மேடம். இன்னொருத்தி."

"அதைத்தானே நானும் எழுதினேன்."

"யாரோ பொழுதுபோகாத ஆளுக்குப் பாத்துக் குடுத்தேன்னு எழுதினீங்க. அவளுக்கும் என்னாட்டமே ஊசி. என் பின்னாடி மெஷின்ல ஒக்காந்து தைக்கறா."

பெயரைச் சொல்லவில்லை, மற்றதை எல்லாம் சொன்னாள். அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயதில் வந்த நோய். ஏழு ஆண்டுகளாகத் தாயைத் தவிர யாருக்கும் தெரியாது. இன்சுலினை வெளியூர் மருத்துவமனையில் தாயே போய் வாங்கி வருகிறாள். வீட்டில் அளவுமானி கிடையாது. வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடுமாம். ஆகவே அளக்காமல், குத்துமதிப்பாக ஊசி. ஆவணியில் குடியாத்தத்து லுங்கித் தறிக்காரர் வீட்டில் திருமணம். ஏப்ரலில் ஒரு நாள் அவள் மெஷின்மேல் சாய்ந்தபோது, வியர்வையைப் பார்த்ததும் இவளுக்குப் புரிந்துவிட்டது; வாயில் சர்க்கரையைப் போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து காலையில் கம்பெனி வேனிலும், மதியம் கேட் அருகே லாக்கரிலிருந்து கைபேசியை எடுக்கும் நேரத்திலும் இருவரும் அடுத்தடுத்து அளந்துகொள்கிறார்கள்.

"ஏன் ஓடும் மனிதன்?"

"எங்க கம்பெனில எவ மேடம் எக்சர்சைஸ் பண்றா? அந்தப் படம் சும்மாதான இருந்துச்சு. அவளுக்குன்னு வெச்சிட்டேன். கலந்துடக்கூடாதில்ல?"

"குத்தும் ஊசியையும் பங்கு போட்டுக்கொண்டீர்களோ?"

"அதெல்லாம் தனித்தனி. நாங்க இன்னா ஒண்ணும் தெரியாதவங்களா?"

பையிலிருந்து ஒரு ஷூ பெட்டியின் கறுப்பு மூடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். தோலில் அடையாளம் போடும் வெள்ளிப் பேனாவால் இரண்டு பத்திகள். தேதி, வேளை, அளவு, போட்ட யூனிட். ஓர் அடித்தல் இல்லை.

"போன் என்னிய ராத்திரி ஊசிய நாலு யூனிட் ஏத்திக்கச் சொல்லுச்சு மேடம். அது எங்க ரெண்டு பேரையும் கூட்டி ரெண்டால வகுத்துட்டுப் பேசுது. அத நம்பிப் போட்டிருந்தா தூக்கத்துலயே போய்ட்டிருப்பேன். அதான் இத எழுதறது."

இரு வேறு கூட்டங்களைக் கலந்து சராசரி எடுக்கலாகாது என்பதை நான் முதலாண்டு மாணவிகளுக்கு இரண்டு வாரம் நடத்துவேன். இவள் பன்னிரண்டாவதோடு நின்றவள்.

"இப்ப எனக்கு எங்க அம்மி கடையில வாங்கித் தர்றாங்க. அவளுக்கு யாரு வாங்குவா? ஆறு நாளா பாக்கல. மறுபடி குத்துமதிப்பு ஊசி. நேத்து வேன்ல வாந்தி எடுத்தா. என்னுதுல ஒண்ணு போட்டுப் பாத்தேன், முந்நூத்தித் தொண்ணூறு. நீங்க போட்ட செவப்பு மேடம் இது."

அவளுடைய கைபேசி எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு கணினியைத் திறந்தேன். அட, ஞாயித்துக்கிழமையப் பாக்கவே இல்லியே நான்! ஒரு ஞாயிற்றிலும் ஓடும் மனிதன் இல்லை. ஓர் இரவிலும் இல்லை. கம்பெனி இருக்கும் வேளையில் மட்டும். வீட்டில் உள்ளவர்களுக்குப் பார்த்திருந்தால் ஞாயிறன்றுதானே அதிகம் இருந்திருக்கும்? கண் முன்னாடி இருந்துச்சே. இன்னா படிச்சேன் இத்தன வருசம்?

7 ஜூலை, திங்கள்

நவீதிடம் ஜூன் மாத அளவுகளையும் வாங்கி, விடிந்ததும் பிரித்தேன். படமில்லாதவை ஒரு பக்கம், படமுள்ளவை ஒரு பக்கம். ஒன்று ஒழுங்கான உடல். மற்றது ஏப்ரலில் 300க்கு மேல் தத்தளித்து, ஜூன் இறுதியில் 220க்கு இறங்கிக்கொண்டிருந்த உடல். அந்தச் சரிவைத்தான் நான் ஜூலை முதல் தேதியில் வெட்டியிருக்கிறேன்.

பூர்ணிமாவுக்கு இரண்டு வரி எழுதினேன்: "எண் 17 குறித்த என் முடிவு பிழை. அது இரண்டு நோயாளிகளின் அளவு, பிரித்து இணைத்திருக்கிறேன்." சாக்குப்போக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் வாசிப்பவருக்கு நேரம் வீண்.

ஐந்து நிமிடத்தில் அழைப்பு. "ரெண்டாவது ஆள் யாரு மேடம்?"

"தெரியாது. சனிக்கிழமை 390, வேனில் வாந்தி எடுத்தாள் என்பது மட்டும் தெரியும்."

"390, வாந்தி... இது காத்திருக்கிற கேஸ் இல்ல. ரத்தத்துல அமிலம் ஏறினா ரெண்டு நாள்ல உயிர் போகும். உமைமாவுக்கு நாளைக்கே ஸ்ட்ரிப் தர்றேன். ஆனா ஒரு பெட்டிய ரெண்டு பேரு பங்கு போடறத நான் தெரிஞ்சே அனுமதிக்க முடியாது. அந்தப் பொண்ணு நேர்ல வரணும்."

சரியான விதி. நானாக இருந்தாலும் அதையே எழுதியிருப்பேன். உமைமாவின் கைபேசிக்கு அதை அப்படியே அனுப்பினேன். 'மதியம்தான் பார்ப்பாள்' என்று நினைவு வந்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். உட்கார முடியவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு இருவரும் வந்தார்கள். தேவிகா. இருபத்தொன்று. உதடு வறண்டிருந்தது, வந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தாள். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி:

"மேடம், நீங்க கல்யாணம் பண்ணிக்காததுக்கு இந்த நோவுதான் காரணமா?"

"எனக்குச் சர்க்கரை இல்லை. பொறுமைதான் இல்லை."

உமைமா சிரித்தாள். அவள் சிரிக்கவில்லை.

மருத்துவமனையில் பெயர் பதிந்தால் யாருக்கெல்லாம் தெரியும் என்றாள். மருத்துவருக்கு, கணக்குப் பார்க்கும் எனக்கு, அளவு எழுபதுக்குக் கீழே போனாலும் முந்நூறைத் தாண்டினாலும் எச்சரிக்கையும் அடுத்து எடுக்கும் அளவும் போக, வீட்டில் ஒருவருடைய கைபேசிக்கு என்றேன்.

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"அவங்க ஒத்துக்கறதுக்காடி நீ ஊசி போட்டுக்கற?" என்றாள் உமைமா.

"உனக்கு இன்னா, ஊருக்கே தெரியும். நான் ஆவணில அந்த வீட்டுக்குப் போவணும்." பிறகு என்னைப் பார்க்காமல், மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மருந்த ஃப்ரிட்ஜ்ல வெச்சா இன்னான்னு கேப்பாங்க. வெளிய வெச்சா தறி ஓடற சூட்டுல கெட்டுடும். நாலு வேள எங்க போய்ப் போட்டுப்பேன்? ஒரே பாத்ரூமு, பத்து பேரு. ரெண்டு மாசமா நான் கல்யாணத்தையே நெனக்கல மேடம். ஃப்ரிட்ஜத்தான் நெனக்கறேன்."

அவளே கணக்கைப் போட்டு முடித்திருந்தாள்.

கைபேசியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மாப்பிள்ளை பெயர் விஷ்ணுவாம். பதினொரு நிமிடம். கதவைச் சாத்தினேன்; பேசுவதெல்லாம் உள்ளே கேட்கும் வீடு இது. திரும்பி வந்தபோது முகம் கழுவினவள் போல இருந்தாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு."

"வேற?" என்றாள் உமைமா.

"வேற ஒண்ணுமில்ல. ஆட்டோ கூப்டு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

9 ஜூலை, புதன்

தேவிகாவைச் சேர்த்துக்கொண்டார்கள். அமிலம் ஏறத் தொடங்கியிருக்கிறது. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று பூர்ணிமா ஆரம்பித்தார். முடிக்க வேண்டாம் என்றேன்.

11 ஜூலை, வெள்ளி

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அளவு 160.

15 ஜூலை, செவ்வாய்

தேவிகாவின் தாய் கமலவேணி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தோல் ஷாப்பில் தரம் பிரிக்கும் வேலை. செருப்பைக் கழற்றாமலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க படிச்சவங்கதான? ஒரு பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"

குடியாத்தத்திலிருந்து தொலைபேசி வந்ததாம். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம். நிச்சயத்தன்று எல்லாம் பொருந்திய அதே ஜாதகம். பையன் ஒரு வார்த்தை பேசவில்லையாம், பெரியப்பாதான் பேசினாராம்.

"ஏழு வருசம் மேடம். கூடப் பொறந்தவளுக்குக் கூடச் சொல்லல. ஊசிய அரிசியில பொதச்சு வெச்சு, அவ போட்டுக்கறப்ப நான் வாசல்ல காவலு. எல்லாம் ஒரே போன்ல போச்சு. இனிமே எவன் வருவான்?"

"அந்தப் போனை நான் பேசவில்லை. உங்கள் மகள் பேசினாள்."

"நீங்க சொல்லித்தான்!"

"நான் சொல்லவில்லை. நான் செய்த தவறு வேறு. அதற்கு என்னைத் திட்டுவதானால் உட்கார்ந்து திட்டுங்கள்."

உட்கார்ந்தார். ஸ்ட்ரிப்பை நிறுத்தியது என் அறிக்கை என்பதைச் சொன்னேன். நாற்பது நிமிடம் திட்டினார். நடுவில் இரு முறை தண்ணீர் கேட்டார். சில வசவுகள் நான் இதுவரை கேளாதவை. வாசலில் நின்று திரும்பினார்.

"அந்தப் போன்ல என் நம்பரப் போட்டிருக்கா. டங்கு டங்குன்னு அடிக்குது. அத எப்டி நிறுத்தறது?"

"நிறுத்த முடியாது. படிக்கத் தெரியுமா?"

"எட்டாவது பாஸு."

"போதும்."

முறைத்துவிட்டுப் போனார்.

4 ஆகஸ்ட், திங்கள்

மருத்துவமனையில் கூட்டம். நவீத் ஒரு யோசனை கொண்டுவந்தான்: பத்து நிமிடத்துக்குள் நூறுக்குமேல் ஏறுகிற அளவுகளைப் பிழை என்று செயலியே அழித்துவிடும்படி செய்யலாமாம். மிகவும் சுலபமாம்.

"அப்படிச் செய்திருந்தால் தேவிகா நம்மிடம் வந்திருக்கவே மாட்டாள்" என்றேன். "அழிப்பதற்குப் பதிலாக, 'இது வேறொருவருடைய அளவு' என்று சொல்ல ஒரு பொத்தான் வை. அழுத்தினால் தண்டனை கூடாது. பூர்ணிமாவுக்குச் செய்தி போக வேண்டும். ஒளிந்திருப்பவர்களைத் தேடித்தானே இத்தனை செலவு?"

"யாரும் இதக் கேக்கவே இல்லியே மேடம்."

"நானும் கேட்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்."

பூர்ணிமா குறித்துக்கொண்டார். களியையும் பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். பிரியாணிக்குக் கப் போய் 'தட்டு' வந்தது. முன்னேற்றம்.

21 ஆகஸ்ட், வியாழன்

புதிய பொத்தானை வாணியம்பாடியில் ஒருவர் அழுத்தியிருக்கிறார். தம்பிக்காம்.

31 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று தேவிகாவுக்குத் திருமணம் நடந்திருக்க வேண்டிய நாள். உமைமா வீட்டில் பிரியாணி என்று இருவரும் படம் அனுப்பினார்கள். தட்டு, ஊசி, 2.05க்கு 171. ஒன்றரைத் தட்டு என்று தேவிகா எழுதியிருக்கிறாள். நம்புகிறேன்.

22 செப்டம்பர், திங்கள்

12.47க்குக் கமலவேணி என்னை அழைத்தார். ஜூலைக்குப் பிறகு முதல் முறை.

"மேடம், அறுபத்தொண்ணு காட்டுது! தேவிகாவுக்கு அடிச்சா எடுக்கல, அந்தப் பொண்ணும் எடுக்கல, இன்னா பண்றது?"

மதியம் லாக்கரிலிருந்து எடுத்தாலும் கம்பெனிக்குள் கைபேசி சைலண்டில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அளந்திருக்கிறாள் என்றால் அவளுக்கே தெரியும், குளுக்கோஸ் கையிலேயே வைத்திருப்பாள், கால் மணி நேரம் பொறுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். பாதியில் துண்டித்துவிட்டார்.

மிச்சத்தை மாலையில் உமைமா தொலைபேசியில் சிரிப்புக்கிடையே சொன்னாள். கமலவேணி எங்கேயோ கம்பெனி கேட் எண்ணைத் தேடிப்பிடித்து வாட்ச்மேனை அழைத்திருக்கிறார். அவருக்குச் சரியாகக் காது கேட்காது. மூன்று முறை சொல்ல வேண்டியிருந்ததாம். மூன்றாம் முறை போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே அவர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடி வந்துவிட்டார். முந்நூறு பேர் சோற்றில் கை வைத்திருக்கும் நேரம்.

"யாரும்மா தேவிகா? உங்கம்மா பேசறாங்க!"

கூடம் முழுக்கக் கேட்டதாம் கமலவேணியின் குரல்: "எம் பொண்ணுக்குச் சக்கர வியாதிங்க! பதினாலு வயசுலேருந்து ஊசி போட்றவ! இப்ப கம்மியாய்ட்ச்சு, எங்க இருக்கான்னு பாருங்க, வாயில சக்கரயப் போடுங்க சாமி!"

"மானமே போச்சு மேடம்" என்று பின்னாலிருந்து தேவிகாவின் குரல்.

மறு அளவு 12.59க்கு 97. அதையும் செயலி கமலவேணிக்கு உடனே அனுப்பியிருக்கிறது. அவர் பார்க்கவில்லை. அப்போது சூப்பர்வைசரிடம் மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாராம்.